மடியில் ஒரு மடக்குக் கத்தி

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் எங்கள் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



இந்த மாதம் என்ன தலைப்பில் பேசப் போறீங்க என்று கேட்டார்கள். "கத்தியைப் பற்றி" என்று சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். கடன், சேமிப்பு, வங்கி இணைப்பு, ஆடு வளர்ப்பு என்று பேசுகிற இடத்தில் கத்திக்கு என்ன வேலை என்று தோன்றுவது நியாயம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். காலையில் எழுந்தது முதல் ராத்திரி படுக்கிற வரைக்கும் நம் கையில் அதிக நேரம் இருக்கிற கருவி எது? அரிவாள்மனை, அரிவாள், கத்தி. நாம் கூலி வாங்குவதும் அதனால்தான், சோறு ஆக்குவதும் அதனால்தான். கை வெட்டிக்கொண்டு நாலு நாள் வேலைக்குப் போகாமல் உட்கார்வதும் அதனால்தான். அப்படிப்பட்ட பொருளைப் பற்றி ஒரு நாள் பேசினால் தப்பில்லை.

எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். பெரும்பாலும் வாழைத் தோட்டத்திலும் காய்கறித் தோட்டத்திலும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். இரண்டு பேர் ஆடு வளர்க்கிறார்கள், ஒருவர் தையல். பல வருஷங்களுக்கு முன்னால் நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஆளுக்கு ஒரு எவர்சில்வர் மடக்குக் கத்தி வாங்கினோம். உள்ளங்கை அகலத்துக்கும் குறைவான அலகு, மடக்கினால் பிடிக்குள் போய்விடும். சுருக்குப் பையில் போட்டுக்கொண்டால் இருப்பதே தெரியாது. அன்றிலிருந்து இன்று வரை தினமும் பயன்படுத்தி நாங்கள் தெரிந்துகொண்டதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

கணக்கு பார்ப்போம்

முதலில் காசுக் கணக்கு. ஒரு உதாரணத்துக்குச் சொல்கிறோம். சந்தையில் 30 ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் பிடி கத்தி வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நாலு மாதத்தில் பிடி ஆடும், அலகு வளையும். தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று வாங்குவோம். வருஷத்துக்கு மூன்று. பத்து வருஷத்துக்கு முப்பது கத்தி, 900 ரூபாய். அதே நேரத்தில் 180 ரூபாய்க்கு ஒரு நல்ல கத்தி வாங்கிப் பத்து வருஷம் வைத்திருந்தால் ஒரு நாளைக்கு ஐந்து பைசாதான் ஆகிறது. விலை ஊருக்கு ஊர் மாறும். கணக்குப் போடுகிற முறை மாறாது. ஒரே தடவையில் 180 ரூபாய் எடுப்பது நமக்குக் கஷ்டம் என்பதால்தான் 30 ரூபாய்ப் பொருளைத் திரும்பத் திரும்ப வாங்குகிறோம். ஏழைக்குத்தான் எல்லாமே விலை அதிகம் என்பது இதனால்தான். உள் கடன் எதற்காக இருக்கிறது? இந்த மாதிரி சின்ன இடத்திலும் அது கை கொடுக்க வேண்டும். எங்கள் குழுவில் ஆளுக்கு மாதம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டுதான் கத்திகளை வாங்கினோம்.

எவர்சில்வர் துருப் பிடிக்காதா?

"எவர்சில்வர்தானே, துருப் பிடிக்காது" என்று எல்லோரும் நினைக்கிறோம். பாதி உண்மை. இரும்போடு குரோமியம் என்ற உலோகத்தைக் குறைந்தது நூற்றுக்குப் பத்தரைப் பங்கு சேர்த்தால் எவர்சில்வர் கிடைக்கும். அந்தக் குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக மேலே படர்ந்துகொள்ளும். பால் மேல் ஆடை படர்கிற மாதிரி. கீறல் விழுந்தாலும் அந்தப் படலம் தானாகத் திரும்பவும் படரும். அதுதான் துருவைத் தடுக்கிறது. ஆனால் உப்பு, புளி, எலுமிச்சை, ஊறுகாய், உரம் இவை பட்டுக் கழுவாமல் விட்டால் அந்தப் படலத்தையும் அரித்துப் புள்ளி புள்ளியாகத் துரு உட்காரும். குறிப்பாக மடக்குக் கத்தியில் கீல் இருக்கிற இடத்தில் தண்ணீர் தங்கினால் அங்கேதான் முதலில் பிடிக்கும்.

இதைக் கண்டுபிடித்தவர் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு என்ற ஊரைச் சேர்ந்த ஹாரி பிரியர்லி. ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. அப்பா எஃகு உருக்கும் தொழிலாளி. இவரும் பள்ளிக்கூடத்தைச் சின்ன வயதிலேயே விட்டுவிட்டு ஆலையில் எடுபிடி வேலைக்குப் போனவர். துப்பாக்கிக் குழல் தேயாமல் இருக்க என்ன செய்யலாம் என்று பல உலோகக் கலவைகளைச் சோதித்துக்கொண்டிருந்தபோது 1913-ல் இந்தக் கலவை அவர் கைக்கு வந்தது. கறை படியாத இந்த எஃகில் சாப்பாட்டு மேஜைக் கத்தி செய்யலாம் என்று முதலில் யோசித்தவரும் அவர்தான்.

எஃகு நமக்குப் புதுசு இல்லை. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் நடந்த அகழாய்வில் பழங்காலத்தில் இரும்பும் எஃகும் செய்த தடயங்கள் கிடைத்திருக்கின்றன. 1980களின் தொடக்கத்திலிருந்து சேலம் உருக்காலையில் எவர்சில்வர் தகடு தயாராகிறது. நம் வீட்டுச் சம்படமும் தூக்குச் சட்டியும் அந்தத் தகட்டில் செய்ததாக இருக்கலாம்.

ஒரு அம்மாவின் பெயர்

மடக்குக் கத்தி என்றாலே உலகம் முழுக்க சுவிட்சர்லாந்து ராணுவக் கத்தியைச் சொல்வார்கள். அதன் கதை நம் மாதிரிக் கூட்டமைப்புக்குப் பொருத்தமானது. அந்த நாட்டு ராணுவம் தன் சிப்பாய்களுக்கு மடக்குக் கத்தி கொடுக்க முடிவு செய்தது. டப்பா உணவைத் திறக்கவும், துப்பாக்கியைக் கழற்றவும் அது தேவைப்பட்டது. ஆனால் உள்ளூரில் அத்தனை கத்தி செய்து தர வசதி இல்லாமல் ஜெர்மனியிலிருந்து வாங்கினார்கள். கார்ல் எல்சனர் என்ற கத்திக் கொல்லர், நம் ஊர்க்காரர்களுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று மற்ற கொல்லர்களைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்து, 1891-ல் ராணுவத்துக்குக் கத்தி செய்து கொடுத்தார். ஜெர்மனிக்காரர்கள் குறைந்த விலைக்குக் கொடுத்ததால் நஷ்டம் வந்தது. கூட இருந்தவர்கள் விலகிப் போனார்கள். இவர் விடவில்லை. சொந்தக்காரர்கள் கைகொடுத்தார்கள். தொழில் நிமிர்ந்தது. 1909-ல் அவருடைய அம்மா விக்டோரியா இறந்துபோனார். அம்மாவின் பெயரையே தன் கத்திக்கு வைத்தார். 1921-ல் எவர்சில்வரைப் பயன்படுத்தத் தொடங்கியதும், அதற்குப் பிரெஞ்சு மொழியில் உள்ள பெயரின் சுருக்கமான 'இனாக்ஸ்' என்பதையும் சேர்த்து 'விக்டோரினாக்ஸ்' என்று ஆக்கினார்கள்.

நாங்கள் வாங்கியது அந்த விலை உயர்ந்த கத்தி இல்லை. உள்ளூர்க் கடையில் வாங்கியதுதான். ஆனால் உலகத்திலேயே பெயர் பெற்ற ஒரு கத்தியில் ஒரு அம்மாவின் பெயர் இருக்கிறது என்று கேட்டபோது எங்களுக்குச் சந்தோஷமாக இருந்தது.

வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

ஒரு சின்னக் காந்தத் துண்டு கொண்டு போங்கள். நல்ல எவர்சில்வர் குடத்தில் காந்தம் ஒட்டாது, அல்லது லேசாகத்தான் ஒட்டும். ஆனால் கத்தியில் ஒட்ட வேண்டும். ஏன் என்றால், கூர் நிற்கிற எவர்சில்வர் வேறு வகை. அதில் கரி சற்று அதிகம். சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து அதைக் கடினப்படுத்தியிருப்பார்கள். காந்தம் ஒட்டாத கத்தி பளபளப்பாக இருந்தாலும் கூர் நிற்காது. காந்தம் ஒட்டிவிட்டாலே நல்ல கத்தி என்றும் சொல்லிவிட முடியாது. இது முதல் சோதனைதான்.

அடுத்து, விரித்துப் பார்த்து அலகைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆடக் கூடாது. விரிக்கும்போது நகம் பெயர்கிற அளவுக்கு இறுக்கமாகவும் இருக்கக் கூடாது. சிலவற்றில் விரித்தபின் அலகு பூட்டிக்கொள்ளும். நம் வேலைக்கு அது பாதுகாப்பு. பட்டனை அமுக்கினால் சடக்கென்று பாய்கிற கத்தி வேண்டவே வேண்டாம்.

எந்த வேலைக்கு, எதற்குக் கூடாது?

சணல் அறுக்க, உர மூட்டைத் தையல் பிரிக்க, நாற்றுப் பையைக் கிழிக்க, வெண்டை, கத்தரிக் காம்பு நறுக்க, சொட்டு நீர்க் குழாய் வெட்ட, நூல் அறுக்க, பழம் நறுக்க, இத்தனைக்கும் ஆகும். ஆடு வளர்க்கிற எங்கள் சகோதரி சொல்வார், கயிறு கழுத்தில் சுற்றிக்கொண்டு ஆடு துடிக்கும்போது முடிச்சு அவிழ்க்க நேரம் இருக்காது, மடியில் கத்தி இருந்தால் ஒரே அறுப்புத்தான் என்று. ஒரு ஆட்டின் விலை என்ன, கத்தியின் விலை என்ன, நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூடாதவை என்று பார்த்தால், தேங்காய் உடைக்கக் கூடாது, டப்பா மூடியை நெம்பக் கூடாது, முனையால் குத்தித் திருகக் கூடாது. பூட்டு இல்லாத மடக்குக் கத்தியை முனையில் அழுத்தினால் அது மடங்கி நம் விரல் மேலேயே வந்து விழும். எலும்பு, விறகு, குலை வெட்ட அரிவாள் இருக்கிறது. அந்தந்த வேலைக்கு அந்தந்தக் கருவி.

மிக முக்கியமான ஒன்று. பூச்சி மருந்துப் பாக்கெட்டை வெட்டிய கத்தியால் சாப்பிடுகிற பொருளை வெட்டவே கூடாது. கழுவிவிட்டோமே என்று சொல்லாதீர்கள். கீல் சந்தில் மருந்து தங்கும். எங்களிடம் தோட்டத்துக் கத்தியின் பிடியில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். சிவப்பு நூல் கட்டிய கத்தி அடுப்படிக்குள் வராது. பிள்ளைகளுக்கும் இது தெரியும்.

மொண்ணைக் கத்திதான் ஆபத்து

கூரான கத்தி கையை வெட்டும், மொண்ணையாக இருந்தால் பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். நிஜத்தில் மொண்ணைதான் ஆபத்து. கூர் இல்லாததால் அழுத்துவோம். அழுத்தினால் வழுக்கும். வழுக்கினால் அடுத்த கையில் இறங்கும். எங்கள் ஊரில் ஒரு சகோதரிக்கு அப்படித்தான் ஆனது. மொண்ணைக் கத்தியால் சணல் முடிச்சை அறுக்கப் போய், அது வழுக்கிச் சுண்டுவிரல் நரம்பு அறுந்துபோனது. காயம் சின்னதுதானே என்று துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். இன்று வரை அந்த விரல் மடங்கவில்லை. காய் பறிக்கிற வேகம் குறைந்துபோனது. காய் பறிப்பதில் எடைக்குத்தானே கூலி? அந்த ஒரு விரல் ஒவ்வொரு நாளும் அவருடைய கூலியில் கை வைக்கிறது.

அதனால் காயம் பட்டால் செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். ஓடுகிற தண்ணீரிலும் சோப்பிலும் நன்றாகக் கழுவுங்கள். சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். காப்பித் தூள், சுண்ணாம்பு, சாம்பல் எதுவும் வைக்காதீர்கள். விரல் மடங்கவில்லை, மரத்துப் போகிறது, ரத்தம் நிற்கவில்லை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நரம்பு அறுந்திருந்தால் தாமதம் ஆக ஆகச் சேர்ப்பது கஷ்டம்.

துருப் பிடித்த கத்தி பட்டால்தான் ரணஜன்னி வரும் என்பதும் தவறான எண்ணம். அந்தக் கிருமி மண்ணிலும் சாணியிலும் இருக்கிறது. பளபளக்கிற எவர்சில்வர் கத்தியில் சாணி மண் ஒட்டியிருந்தாலும் வரும். நாம் தினமும் புழங்குவது மண்ணிலும் சாணியிலும்தான். அதனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்று. பிரசவ நேரத்தில் தொப்புள்கொடியை வீட்டுக் கத்தியால், அரிவாளால் அறுத்ததால் ரணஜன்னி வந்து எத்தனையோ பச்சைக் குழந்தைகள் செத்துப்போயிருக்கின்றன. தடுப்பூசியும் ஆஸ்பத்திரிப் பிரசவமும் கூடியதால், தாய்க்கும் சிசுவுக்கும் வருகிற ரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டது என்று 2015-ல் உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது. அது நம் கிராம சுகாதார நர்சுகளும் நாமும் சேர்ந்து சாதித்தது. அதைக் கெடுத்துவிடக் கூடாது. வழியில் பிரசவம் ஆகிவிட்டால் 108-க்குக் கூப்பிடுங்கள். குழந்தையைத் துடைத்து, அம்மாவின் மார்போடு அணைத்துப் போர்த்தி வையுங்கள். கொடியை அறுக்க அவசரப்பட வேண்டாம், அவர்கள் வந்து பார்த்துக்கொள்வார்கள். எவ்வளவு நல்ல கத்தியாக இருந்தாலும் அந்த வேலைக்கு அது ஆகாது.

பிள்ளை பெற்ற வீட்டில் காத்து கருப்பு அண்டாமல் இரும்பு வைப்பார்கள். வைக்கிறவர்கள் ஒரு இரும்புத் துண்டை வையுங்கள். தொட்டிலில் கத்தி வைக்காதீர்கள்.

பராமரிப்பும் சாணையும்

தினமும் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, விரித்த நிலையிலேயே துடைத்து, கொஞ்ச நேரம் காயவைத்து மடக்குங்கள். இரும்பு நார் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்த இரும்புப் பொடி ஒட்டிக்கொண்டு துருவாகத் தெரியும். தேங்காய் நார் போதும். மாதம் ஒரு தடவை கீலில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு, நாலு தடவை மடக்கி விரித்து, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். பழம் நறுக்குவதற்கு முன்னால் அலகைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். வாழைக்கறை படுகிற வேலைக்கு முன்னால் அலகில் லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் கறை ஒட்டாது. சுருக்குப் பையில் சுண்ணாம்பு டப்பாவும் கத்தியும் ஒன்றாக இருந்தால், சுண்ணாம்பு கீலில் போய் அடைக்கும். தனித் துணியில் சுற்றி வையுங்கள்.

சாணைக்கு வருவோம். சாணைக்கல்லை நனைத்து, அதன் மேல் அலகைப் படுக்க வைத்து, முதுகுப் பக்கத்தை மட்டும் சற்றுத் தூக்கிக்கொள்ளுங்கள். எவ்வளவு தூக்குவது? விரல் அகல அலகுக்கு மூன்று ஒரு ரூபாய்க் காசை அடுக்கினால் எவ்வளவு உயரமோ அவ்வளவு. அந்தச் சாய்வு மாறாமல் ஒரு பக்கம் பத்து இழுப்பு, மறு பக்கம் பத்து இழுப்பு. அவசரம் வேண்டாம். பதறாத காரியம் சிதறாது. கல் இல்லாத வீட்டில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் வழவழப்பு இல்லாத வளையம் இருக்கும். அதில் தேய்த்தாலும் கூர் வரும். கூர் வந்ததா என்று விரலை ஓட்டிப் பார்க்காதீர்கள். ஒரு தாளை நறுக்கிப் பாருங்கள், போதும்.

தெருவில் சாணை பிடிக்க வருகிறவரிடம் கொடுக்கிறவர்கள் தாராளமாகக் கொடுங்கள். அவருக்கும் பிழைப்பு வேண்டும். ஒன்று மட்டும் சொல்லுங்கள்: "அண்ணே, அடிக்கடி தண்ணியில நனைச்சுப் பிடிங்க." சக்கரத்தில் தீப்பொறி பறக்க விடாமல் தேய்த்தால் அலகு சூடேறி நீலம் பாயும். அந்த இடத்தில் பதம் போய்விடும். பிறகு கூர் நிற்காது.

எடுத்துப் போகிற இடம்

"கத்தி வைத்திருந்தால் போலீஸ் பிடிக்காதா?" என்று ஒரு அக்கா கேட்டார். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே என்று செய்த பொருட்களை 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஆயுதக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனாலும் தோட்டத்துக்கு எடுத்துப் போவது வேறு, ஊர்ச் சண்டைக்கு நடுவில் எடுத்துப் போவது வேறு. திங்கட்கிழமை மனு கொடுக்கக் கலெக்டர் ஆபீஸ் போகும்போதும், கோர்ட்டுக்குப் போகும்போதும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். விமானத்தில் கைப்பையில் அனுமதியே கிடையாது.

"தனியாக வருகிறோம், பாதுகாப்புக்கு ஆகுமில்லையா?" என்று சின்னப் பெண்கள் கேட்கிறார்கள். இதற்கு மட்டும் நாங்கள் ஆமாம் என்று சொல்ல மாட்டோம். பலசாலி ஒருவன் அதைப் பிடுங்கினால் அது நம் மேலேயே திரும்பும். வீட்டுக்குள் அடி உதை நடந்தாலும் அப்படித்தான். அந்த நேரத்தில் கத்தியைத் தேடாதீர்கள். கத்தி அவர் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். நீங்கள் வெளியே வாருங்கள், சத்தம் போடுங்கள், பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிடுங்கள், குழுவில் யார் வீட்டுக் கதவையாவது தட்டுங்கள். நள்ளிரவானாலும் திறப்போம் என்று எங்கள் குழுவில் பேசி வைத்திருக்கிறோம். உங்கள் குழுவிலும் பேசி வையுங்கள்.

கத்தியைக் கைக்குக் கை கொடுக்காதே, கீழே வை, அவள் எடுத்துக்கொள்ளட்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சண்டை வரும் என்பதற்காகச் சொன்னார்களோ என்னவோ, கை வெட்டாமல் இருக்க அதைவிட நல்ல பழக்கம் இல்லை. பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக் கொடுங்கள்.

நம்முடைய கருவி

ஒவ்வொரு வீட்டிலும் மண்வெட்டி, அரிவாள், கடப்பாரை எல்லாம் "அவருடையது." நாம் தினமும் எடுத்துப் புழங்கினாலும் கேட்டுத்தான் எடுப்போம். எங்கள் பன்னிரண்டு பேருக்கும் இந்தக் கத்திதான் சொந்தக் காசில், சொந்தமாக வாங்கிய முதல் வேலைக் கருவி. அதில் மூன்று தொலைந்துபோயின, ஒன்று உடைந்தது. மீதி எட்டும் இன்னும் வேலை செய்கின்றன. அலகு தேய்ந்து ஒடுங்கியிருக்கிறது. அத்தனையும் நாங்கள் பிடித்த சாணை. ஆயுத பூஜை அன்று மற்ற கருவிகளோடு எங்கள் கத்தியும் வரிசையில் இருக்கும். பூஜை செய்யாத சகோதரிகளும் அன்று துடைத்து எண்ணெய் விடுகிறார்கள். வல்லவளுக்குப் புல்லும் ஆயுதம் என்று பேசிக்கொண்டே இருக்காமல், புல் அறுக்கிறவளுக்கு ஒரு நல்ல ஆயுதம் கிடைக்க வழி செய்வோம்.

கடைசியாக மூன்று வேண்டுகோள். ஒன்று, ஒவ்வொரு குழுவும் பொதுவில் ஒரு சாணைக்கல் வாங்கி, மாதக் கூட்டம் முடிந்ததும் அரை மணி நேரம் எல்லோர் கத்தியையும் தீட்டிக்கொள்ளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். இரண்டு, மருந்துக்கு ஒரு கத்தி, அடுப்படிக்கு ஒரு கத்தி என்று பிரித்து, இன்றைக்கே நூல் கட்டுங்கள். மூன்று, கையில் காயம் பட்ட உறுப்பினர் யாராவது வேலைக்குப் போக முடியாமல் இருந்தால், அந்த மாதத் தவணையைப் பற்றிக் கூட்டத்தில் பேசி அவருக்கு அவகாசம் கொடுங்கள். விரல் ஆறினால்தான் கடனும் அடையும்.